ஐறீன் ரீச்சரும் ஐய இறந்தகாலமும்

வெள்ளவத்தையில், கடற்கரை ரயில்பாதைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தனியார் கல்லூரியில் லண்டன் மற்றிக்குலேஷன் வகுப்புக்குப் பிரெஞ்சு படிப்பித்தவர் ஐறீன் கிளெமென்ற். நான் அங்கே லத்தீன் ஆசிரியன். என் ஊரான கரணவாயிலிருந்து முதன்முதலில் பீ.ஏ. எடுத்தவன். கொழும்பில் அந்த விஷயத்தைக் கேட்டு வியக்காத முதல் ஆளும் ஐறீன்தான். "நல்லது மாஸ்டர், அந்த சோக்பெட்டியை இஞ்சால தாங்கோ" என்றார்.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தகப்பன் துறைமுகத்தில் கிளாக்கர். பிரெஞ்சுக் கன்னியர்கள் நடத்திய பள்ளியில் படித்ததால், தமிழ் எழுதப் பழகுமுன்னரே பிரெஞ்சில் செபம் சொல்லப் பழகிவிட்டார். கணவர் கிளெமென்ற் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சாப்பாட்டுக் களஞ்சியத்தில் வேலை. இரண்டு பயணத்துக்கு இடையில் வீட்டுக்கு வருவார். வந்தால் கொட்டாஞ்சேனை முழுக்க மார்செய் சவர்க்காரம் மணக்கும் என்று ஐறீன் சொல்வார்.

1940 ஆனியில் பிரான்ஸ் விழுந்தது. அதே மாதம் கிளெமென்றின் கப்பல் ஜிபுத்திக்குக் கிட்ட இத்தாலியக் குண்டு பட்டு எரிந்ததாகக் கதை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஜிபுத்தி யுத்தத்தில் ஆங்கிலேயருக்கு எதிர்ப் பக்கம் நின்றதால் அங்கிருந்து தபாலும் இல்லை, தந்தியும் இல்லை. ஐப்பசி வரைக்கும் காத்திருந்த வீட்டார், அதற்குமேல் பொறுக்கவில்லை. கிளெமென்றின் தம்பி நோபேட், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மரித்தவர்களோடு அண்ணனின் பெயரையும் வாசிக்கக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டான். பெயர் வாசித்தால் ஐறீன் கறுப்பு உடுக்க வேண்டும். கறுப்பு உடுத்தால் அதோடு முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய வகுப்பு எனக்கு அடுத்த அறையில். நடுவில் பலகைத் தட்டிதான், எல்லாம் கேட்கும்.

"ஐய இறந்தகாலம். ரெண்டு படிதான் பிள்ளையள்" என்றார் ஐறீன். "அவுவார், எத்ர் எண்ட ரெண்டு துணைவினையில ஒண்டை எடுத்து, ஐயவடிவத்தில வையுங்கோ. முடிஞ்ச வினையைப் பின்னால ஒட்டுங்கோ. கில் ஏ ஃபினி, அவன் முடிச்சிருக்க. கில் ஸ்வா வெனு, அவன் வந்திருக்க. சரி, எத்ர் எந்த வினையளுக்கு வரும்? ஜவாஹிறா, சொல்லுங்கோ."

ஜவாஹிறா புறக்கோட்டை வியாபாரி ஒருவரின் மகள். வகுப்பிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். போதல், வருதல், புறப்படுதல், சேருதல், பிறத்தல் என்று கடகடவென்று பிரெஞ்சில் ஒப்புவித்துக்கொண்டு போனவள் சட்டென்று நின்றாள்.

என் வகுப்பும் எழுதுவதை விட்டுவிட்டுத் தட்டியைப் பார்த்தது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றார் ஐறீன். "பிறத்தலுக்கு அடுத்தது என்ன?"

"தெரியும் ரீச்சர்... வாணாம்."

"மூரீர். சாகிறது. அதுக்கும் எத்ர்தான். சோதினைக்காரன் உங்கட ரீச்சரின்ர வீட்டைப் பாத்துக் கேள்வி போடமாட்டான். எழுதுங்கோ."

சோக்கட்டி பலகையில் கீச்சிட்டது. பயம், சந்தேகம், கவலை, சந்தோஷம் எதுவானாலும், அதற்குப் பிறகு முடிந்துபோன காரியம் ஒன்று வந்தால் இந்த வடிவம்தான் என்று விளங்கப்படுத்தினார். அவன் வந்ததைச் சந்தோஷம் என்று சொன்னாலும் இதுதான்; ஏனென்றால் அங்கே நாம் சொல்வது அவனுடைய வரவையல்ல, நம்முடைய மனத்தை. தமிழில் நாம் 'வந்திருப்பான்', 'வந்திருக்கலாம்' என்று வினையின் வாலை நீட்டிச் சமாளிக்கிறோம். பிரெஞ்சுக்காரன் துணைவினையின் முகத்தையே மாற்றிவிடுகிறான். லத்தீனில் இதை நாலு வருடம் படித்த எனக்கே அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது.

"அப்ப நம்புறதுக்கு, ரீச்சர்?" ஜவாஹிறாதான். "அவர் வந்திருப்பார் எண்டு நம்புறன் எண்டால்?"

"அதுக்கு இது வராது. நேர்வினைதான். பயப்பட்டால் ஐயவடிவம், நம்பினால் நேர்வடிவம். பிரெஞ்சுக்காரன் நம்பிறதெண்டால் அரைகுறையா நம்பமாட்டான்."

மணி அடித்தது. வெளியே வந்தவர் என்னிடம், "மாஸ்டர், நாளைக்கு என்னோட ஒரு இடத்துக்கு வருவீங்களோ? அங்க என்னைத் தனிய விடமாட்டினம்" என்றார். ஜிபுத்தித் துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்த லெரூ என்ற பிரெஞ்சுக்காரர் ஏடன் வழியாகத் தப்பி வந்து, கொச்சிக்கடைப் பக்கத்து மாலுமிகள் விடுதியில் தங்கியிருக்கிறாராம். திங்கட்கிழமை கப்பலேறிவிடுவாராம்.

சனிக்கிழமை பின்னேரம் போனோம். விடுதி வாசலில் நின்ற காவற்காரன் குறுக்கே கையை நீட்டி, "நோனாலாட்ட பே, மாத்தயா" என்றான். பெண்களுக்கு அனுமதியில்லை. நான் நிமிர்ந்து, பட்டதாரி என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியானால் மாத்தயா மட்டும் போகலாம் என்றான். ஐறீன் அவனோடு கதைக்கவில்லை. மேல்மாடி ஜன்னலைப் பார்த்துப் பிரெஞ்சில் சத்தமாக ஏதோ கேட்டார். இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கொஞ்ச நேரத்தில் லெரூவே இறங்கி வந்து, வாசலோரத்து வாங்கில் எங்களை இருத்தினார்.

மெலிந்த மனிதர். காய்ச்சல்காரரின் கண். நான் என் சான்றிதழில் உள்ளபடியே, வேலுப்பிள்ளை நாகேந்திரம் என்று முழுப்பெயர் சொல்லிக் கைகொடுத்தேன். ஐறீன் நேரே விஷயத்துக்கு வந்தார். அவர்கள் பேசியதை அப்போதைக்கப்போது எனக்குத் தமிழில் சொன்னார்.

எரிந்த கப்பலை லெரூவுக்குத் தெரியும். கரைக்கு வந்தவர்களைப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தியதே அவர்தான். கொழும்பு ஆட்களும் அதில் இருந்தார்கள்.

"கிளெமென்ற்?" என்றார் ஐறீன்.

லெரூ யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பெயரில் கொழும்பு ஆள் ஒருவரையும் தான் கூப்பிடவில்லை என்றார். பிறகு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு வசனம் சொன்னார். ஐறீன் அதைத் தமிழில் சொல்லவில்லை. முதல்நாள் வகுப்பில் கேட்ட அந்த ஐயவடிவத்து ஸ்வா என் காதில் விழுந்திருந்தது.

"கப்பலின்ர அடித்தட்டில சிலபேர் அகப்பட்டுப் போட்டினமாம்" என்றார் கடைசியில். "அதில ஒராளா இருந்திருக்கக்கூடும் எண்டு பயப்படுறாராம்."

எழுந்தோம். லெரூ ஐறீனுக்குத் தலை குனிந்தார். என் கையைப் பிடித்து, "ஒர்வுவார், முஸியே வெலுபிலே" என்றார்.

வாசலைத் தாண்டினோம். எதையாவது பேசாவிட்டால் அவர் அங்கேயே விழுந்துவிடுவார் போல இருந்தது. "பாத்தீங்களே, என்ர அப்புவின்ர பேரையெல்லோ எனக்கு வைச்சிட்டான். அப்பு கேட்டால் மண்வெட்டியோட வருவார்" என்றேன்.

ஐறீன் நின்றார்.

"என்ன சொன்னீங்கள்?"

"அப்புவின்ர பேர்தானே முன்னுக்கு..."

"மடத்தில சிஸ்டர்மாரும் அப்பிடித்தான்!" என்று கத்தினார். "என்ர அப்பாவின்ர பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவினம். முதல் எழுதுறது குடும்பப்பேர் எண்டு அவையள் நினைக்கிறது. நான் மடைச்சி, மாஸ்டர், மடைச்சி!"

அவர் ஓடினார். காவற்காரன் கை நீட்டுமுன்பே உள்ளே போய்விட்டார். படியில் பாதி ஏறியிருந்த லெரூவைப் பார்த்து, "பேதுரு! பேதுரு கிளெமென்ற்!" என்று கூவினார். கிளெமென்றின் பெயருக்கு முன்னால் வரும் மாமனாரின் பெயரை அந்தக் குடும்பத்து மருமகள் ஒருத்தி அப்படி நடுத்தெருவுக்குக் கேட்கக் கூவியது அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

லெரூ திரும்பினார். "பெத்ரூ?" என்றார். அவருடைய முகம் விரிந்தது. தன் இடது புருவத்தின் குறுக்கே விரலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். ஐறீன் படியிலேயே இருந்துவிட்டார். அந்த வெட்டுத்தழும்பு கிளெமென்றின் புருவத்தில் இருப்பது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மீன்தலையை எறியவிடாமல் சமையற்காரனோடு சண்டை பிடிக்கும் பெத்ரூ. கப்பலில் அவனைத் தெரியாதவர் ஆர்? கை வெந்துவிட்டது, மிஷன் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், தான் புறப்பட்டபோது எழுந்து நடந்துகொண்டிருந்தான். லெரூ சொல்லிக்கொண்டே போனார்.

"கண்ணால கண்டீங்களோ எண்டு கேக்கிறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஐறீன் அவரிடம் கேட்டார். பதில் மூன்றே சொல்; ஸ்வா இல்லை, நேர்வடிவம். அதை எனக்கு ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு நடந்தோம், நடந்தோமா, நான் பின்னால் ஓடினேனா தெரியாது. வாசலில் நோபேட் நின்றான்.

"மச்சாள், பேரைக் குடுத்திட்டன். காலமைப் பூசைக்கு வாசிப்பினம். இனி ஒண்டும் கதையாதேங்கோ."

"ஓடிப்போய் எடு. கொண்ணன் உயிரோட இருக்கிறார்."

"ஆர் சொன்னது?"

"கண்ட மனிசன் சொன்னது. ஜிபுத்தியில. கை வெந்துபோச்சாம், ஆனா நடக்கிறாராம். எடடா அந்தப் பேரை!"

நோபேட் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். சட்டையைப் போடாமலே கோயில் பக்கம் ஓடியவன், சந்தியில் நின்று, திரும்பி வந்து சட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினான்.

உள்ளே கட்டிலில் கிளெமென்றின் தாய் மேபல் அம்மா இருந்தார். கேட்டதெல்லாம் கேட்டிருந்தது. அழவில்லை. செபமாலையை விரல்களில் அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார்.

"எந்தக் கை?"

"கேக்கயில்லை, மாமி."

"கேக்கயில்லையோ? அவன் இடக்கையன் எல்லோ. இடக்கை வெந்திருந்தால் ஆர் அவனுக்குச் சோறு பிசைஞ்சு குடுக்கிறது? போ. அந்த வெள்ளைக்காரன் படுக்கமுந்திப் போய்க் கேட்டுக்கொண்டு வா."

ஐறீன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "வாங்கோ மாஸ்டர்" என்று மறுபடி தெருவில் இறங்கினார்.