பாதியாகக் குறைந்த பில்

யோகேஸ்வரி வீட்டுக் கரண்ட் பில் பாதியாகக் குறைந்த செய்தி, பில் வந்த அன்று மாலைக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பரப்பியது யோகேஸ்வரியேதான்.

கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து உள்ளே ஏறிப் போகும் தேயிலைத் தோட்டம் அது. தொழிலாளர் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அந்த லைனில் யாருக்குக் கை முட்டினாலும் யோகேஸ்வரியிடம்தான் வருவார்கள். மாதாமாதம் பெண்கள் எல்லோரும் பணம் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் கூட்டை நடத்துவது அவர். எந்த மளிகைக்காரர் கடன் பொறுப்பார், திரிங்காப்பிலிருந்து இறங்கும் காய்கறி லோரிகளில் அடிபட்ட கோஸை எப்போது சும்மா தருவார்கள், பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் எந்த நேரத்தில் மீன் விலை சரியும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கத்தரியால் கொழுந்து வெட்டும் வேலை. நிறைக்குத்தான் கூலி.

அப்படிப்பட்டவருக்கே முட்டத் தொடங்கியது, வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்த பிறகு.

கணவர் நாகப்பன் அதே தோட்டத்தில் லோரி ஓட்டியவர். காலையில் ஆட்களை மலைக்கு ஏற்றிப்போவதும், மாலையில் கொழுந்து மூட்டைகளோடு அவர்களை இறக்கிக் கொண்டுவருவதும் அவர் வேலை. வாயில் சிகரெட் இல்லாமல் அவரை யாரும் ஸ்டேரிங்கில் பார்த்ததில்லை. நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, "லோரிக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணேன், எனக்குப் பண்ணல" என்றாராம். பகலிலும் இரவிலும் முடிந்த அளவு ஆக்சிஜன் மாட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஈப்போவில் ஒரு தர்ம சங்கம் மெஷினை இலவசமாகக் கொடுத்தது. உருளைக் கிழங்கு மூட்டை அளவுக்கு ஒரு பெட்டி. ஓடும்போது வீடே உறுமும். நாகப்பனோடு பேசுகிறவர்கள் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

மெஷின் இலவசம். அது குடிக்கும் கரண்ட் இலவசமில்லை. முதல் பில் வந்தபோது, பக்கத்து வீட்டுப் பில்லை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே யோகேஸ்வரி நினைத்தார். இரண்டாவது பில் அதைவிடக் கூடுதல்.

அதற்குப் பின் எல்லாம் வரிசையாக வந்தன. மழை பிடித்துக்கொண்டது, கொழுந்து குறைந்து பல நாள் அரை நாள் வேலையோடு திரும்பினார்கள். ஈப்போவில் நர்சிங் படிக்கும் ஒரே மகள் யுவனேஸ்வரியின் லெப்டோப் திறக்க மறுத்தது. அதில்தான் பாடம், அதில்தான் பரீட்சை. பிறகு குளியலறையில் சுடுதண்ணீர் ஹீட்டர் ஒருநாள் புகை கக்கிவிட்டு நின்றது. கேமரன் மலைக் குளிரில் நாகப்பன் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. புதிய ஹீட்டருக்குப் பணம் இல்லை.

அந்த வாரம் தோட்டத்தில் கவாத்து நடந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். வெட்டிய கிளைகளை ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம். அது தோட்டத்துப் பழைய வழக்கம். கேஸ் வந்த பிறகு அதை யாரும் சீண்டுவதில்லை. யோகேஸ்வரி வேலை முடிந்ததும் ஒரு கட்டு கட்டித் தலையில் வைத்தார். வீட்டுக்குள் புகை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பின்புறம் தகரம் சாய்த்து, காற்று பள்ளத்தாக்குப் பக்கம் இழுக்கும் இடமாகப் பார்த்து அடுப்புக் கூட்டினார். குளிக்கத் தண்ணீரும் சோறும் அதில்தான். ரைஸ் குக்கர் பரணுக்குப் போனது.

அடுத்த பில் பாதிதான் வந்தது.

யோகேஸ்வரி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று சிரித்தார். உள்ளே ஓடிவந்து கணவரிடம் நீட்டினார். நாகப்பன் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கெட்டிக்காரிதான் போ" என்றார்.

அன்று கோழிக்கறி. மகளின் லெப்டோப்புக்கு முதல் தவணை கட்டியாகிவிட்டது. கவாத்து விறகின் மகிமையை யோகேஸ்வரி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். லைன் பெண்களும் ஆளுக்கொரு கட்டு சுமக்கத் தொடங்கினார்கள்.

அதற்கடுத்த பில்லும் எல்லோருக்கும் வந்துவிட்ட பிறகு, ஒரு நாள் காலை, மலையில் தேநீருக்கு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜெயா வாய்த்துடுக்கு. தூக்குச் சட்டியைத் திறக்கும்போதே ஆரம்பித்தாள்.

"அக்கா, பொகையில கண்ணு அவிஞ்சதுதான் மிச்சம். பில்லு பத்து வெள்ளிகூட எறங்கல. உனக்கு மட்டும் எப்படிலா பாதியாச்சு?"

"நீ எரிச்ச லட்சணம் அப்படி. ஒரு பக்கம் வெறகு, ஒரு பக்கம் ஹீட்டரு."

"ஹீட்டர தொட்டிருந்தா எங்க மாமியா தல மேல சத்தியம்."

"மாமியா தலைன்னா நீ எதுக்கு வேணாலும் சத்தியம் பண்ணுவியே" என்றார் அம்மாக்கண்ணு. பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கலா. எனக்கும் கொறையல, இந்த அம்மாக்கண்ணு அக்காவுக்கும் கொறையல. யோகேஸ் அக்கா மீட்டர்ல ஏதோ கை வெச்சிருக்கு. கம்பி கிம்பி மாட்டிட்டியா அக்கா? மாட்டியிருந்தா எங்களுக்கும் சொல்லிக் குடு."

யோகேஸ்வரிக்கு முகம் சிவந்தது. கூட்டுப் பணத்தில் ஒரு காசு பிசகாதவரைப் பார்த்துத் திருட்டுக் கரண்ட் என்கிறாள்.

"வாய அளந்து பேசுடி. என் வீட்டுல என்ன ஓடுது, நீயே எண்ணிப் பாரு. ஹீட்டரு இல்ல. குக்கரு இல்ல. டிவியும் அவரு போடறதில்ல. பிரிட்ஜு ஒண்ணு, லைட்டு ரெண்டு, அப்புறம் அவரு மெஷினு..."

அத்தோடு நின்றுவிட்டார்.

மனக்கணக்கிலேயே லைன் முழுவதன் கூட்டையும் நடத்துகிறவர். இந்த ஒரு கணக்கை மட்டும் இவ்வளவு நாளாகப் போட்டுப் பார்க்கவில்லை. ஹீட்டர் நின்றால் எவ்வளவு குறையும் என்பதற்கு எதிரே ஜெயாவும் அம்மாக்கண்ணுவும் சாட்சியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் இல்லாத ஒரே பொருள் அந்த மெஷின்தான்.

"என்னக்கா? சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்லா" என்றாள் ஜெயா.

யோகேஸ்வரி கத்தரியை அப்படியே போட்டுவிட்டு மேட்டில் ஏறினார். கங்காணி செல்லையா அங்கே மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்.

"அண்ணே, வண்டிய எடுங்க."

"என்ன தங்கச்சி, இப்பதான் கிராணி கொழுந்து நிறை போட்டுக் கணக்கு எழுத வர்றாரு..."

"வீட்டுக்குப் போகணும். இப்பவே."

செல்லையா அவர் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் வண்டியை உதைத்தார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து சத்தம் இல்லை. நாகப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய் ஒழுங்காக மாட்டியிருந்தது. குழாயின் மறுமுனையில் மெஷின் அணைந்து கிடந்தது. உதடுகள் நாவல்பழம் தின்றவை போல இருந்தன.

மனைவியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தார்.

"லோரி சத்தம் கேக்கலையே" என்றார்.

அதிலேயே யோகேஸ்வரிக்கு முழுதும் விளங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் தான் ஓட்டிய லோரி, மேல் வளைவில் கியர் மாற்றும்போதே நாகப்பனுக்குக் காதில் விழும். அது வளைவிறங்கி லைனுக்கு வருவதற்குள் எட்டி சுவிட்சைப் போட்டுவிடுவார். ஆட்கள் இறங்கும்போது வீடு உறுமிக்கொண்டிருக்கும்.

யோகேஸ்வரி சுவிட்சைத் தட்டினார். மெஷின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

"எத்தன நாளா?"

"மொதல்ல உக்காரு. மூச்சு வாங்குது பாரு உனக்கு."

"எனக்கா வாங்குது? எனக்கா?"

நாகப்பன் குனிந்து இன்னொரு நெத்திலியை எடுத்தார். "ஒரு நாளு கரண்ட் போச்சு. மத்தியானம் வரைக்கும் வரல. நான் செத்தா போயிட்டேன்? அசையாம உக்காந்திருந்தா தாங்குது. சரி, நீ இல்லாத நேரம் மட்டும் அமத்தி வெப்போம், பாப்பா லெப்டோப்புக்கு ஆவும்னு நெனச்சேன். ஒரே ஒரு மாசம்தான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன்யா போடல?"

அவருக்குப் பதில் சொல்ல மூச்சு சேர வேண்டியிருந்தது.

"பில்லு வந்துச்சு. நீ சிரிச்சே" என்றார். "நீ சிரிச்சு எத்தன காலமாச்சு யோகேஸ். வெறகாலதான் கொறஞ்சதுன்னு லைன் பூரா போயி சொன்னே. அப்புறம் நான் எப்படி திரும்பப் போடறது? பில்லு ஏறிச்சுன்னா நீ சும்மா இருப்பியா? இன்னும் ரெண்டு கட்டு சொமப்பே."

யோகேஸ்வரி அந்த நெத்திலித் தட்டைப் பிடுங்கி வாசலில் வீசினார். பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மறுநாள் குழம்புக்கு வேறு ஒன்றும் இல்லை.

மறுநாளிலிருந்து பகலில் ஜெயாவின் மாமியார் வந்து காவலுக்கு உட்கார்ந்தார். மெஷின் சத்தத்தை மீறிக் கதை பேச அந்த லைனில் அவரால்தான் முடியும். அந்த மாதக் கூட்டு ஜெயாவுடைய முறை. யோகேஸ்வரி கேட்கவில்லை. ஜெயாவே பணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மீட்டர் பேச்சு பேசுன வாய்க்கு இது அபராதம்" என்று சொல்லிப் போனாள். பில் பழையபடி ஏறியது. கட்டினார்கள். நாகப்பனும் கொடுத்த வாக்கை மீறவில்லை. சுவிட்ச் பக்கம் கையே போகவில்லை.

ஆனால் கால்கள் வீங்கின. பிறகு காய்ச்சல் வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆக்சிஜன் போதாமல் வெகுநாள் இருந்தால் அந்தப் பாரத்தை இருதயம்தான் சுமக்கும் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். இவருடைய இருதயம் மிகவும் களைத்துப்போயிருக்கிறது. மெஷினை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். யோகேஸ்வரி இல்லை என்று தலையசைத்தார்.

வார்டில் நாகப்பன் முதலில் தேறினார் போலத்தான் தெரிந்தது. கட்டிலுக்குப் பின்னால் சுவரிலிருந்தே ஆக்சிஜன் வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. அந்த முகத்தை எவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை என்று யோகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாத்தியா? செவுத்துலேர்ந்து வருது. மீட்டரே இல்ல" என்றார் நாகப்பன். டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸைப் பார்த்து, "மிஸ்ஸி, கொஞ்சம் வீட்டுக்குக் கட்டிக் குடுங்க" என்றார். அந்தப் பெண் சிரித்தாள்.

நாகப்பன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சிரிப்பதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று யோகேஸ்வரிக்குத் தெரிந்தது. சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. நாகப்பன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் மலையிறங்கிய பிறகு, தாயும் மகளும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். நர்சாகப் போகிறவள், எப்படியும் ஒருநாள் கண்டுபிடித்துக் கேட்பாள் என்று யோகேஸ்வரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். லெப்டோப்பை மட்டும் சொல்லவில்லை.

யுவனேஸ்வரி அழவில்லை. கை விரல்களைப் பார்த்தபடி இருந்தாள்.

"பகல்ல கூப்பிடுவேன்லம்மா, சாப்பாட்டு நேரத்துல. பின்னாடி மெஷின் சத்தமே கேக்காது. ஒரு நாள் கேட்டேன். 'மெஷின பக்கத்து ரூம்ல வெச்சு கொழாய நீட்டிக்கிட்டேன், உன் பேச்சு நல்லா கேக்கணும்ல'ன்னாரு."

"உங்கப்பா யார நம்ப வெக்கல? என்னையே..."

"பக்கத்து ரூம்ல பிளக்கே இல்லியேம்மா. நான் பொறந்து வளர்ந்த வீடு, எனக்குத் தெரியாதா? அப்பவே தெரிஞ்சுது. மேல கேக்கல. கேட்டா கெளம்பி வர வேண்டியிருக்கும். எனக்குப் பரீட்ச இருந்துச்சு."

யோகேஸ்வரி மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியாது" என்றார்.

"தெரியும்மா."

"தெரியாதுன்னு சொல்லு."

யுவனேஸ்வரி சொல்லவில்லை.