ஈர வார்னிஷில் ஒரு கட்டைவிரல்

நோரிஸ் பாராக்ளோவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இங்கிலாந்தில் கீத்லி ஊரின் மேட்டுத் தெருக்களில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வாழ்நாளைக் கழித்த மனிதர். அவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியவர்கள் அவருடைய கால்களிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். கெட்டில் கொதிப்பதற்குள் இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்துவிடுவார். தேநீர் கைக்கு வந்தால் நின்றுகொண்டே குடிப்பார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த பொழுதுபோக்கைப் பாருங்கள்: பிளாஸ்டிக் மாடல் கட்டுவது. ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வண்ணம் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி காத்திருக்க வேண்டும். பொறுமையே இல்லாதவர் பொறுமையை மட்டுமே கேட்கிற வேலையில் போய் விழுந்தார். வேறு யாரும் தள்ளிவிடவில்லை, தானாகத்தான் விழுந்தார்.

பின்னறையில் கூரை வரைக்கும் பெட்டிகள். விமானம், கப்பல், பழைய காலத்துத் துப்பாக்கி என்று எல்லாம் உண்டு. கட்டி முடித்தது ஒன்றுகூட இல்லை. குற்றவாளி அவருடைய வலது கட்டைவிரல். பூச்சு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்காமல் அதனால் இருக்க முடியாது. தொட்டால் ரேகை பதிந்துவிடும். பிறகு தேய்ப்பார், பூசுவார், மறுபடியும் தொடுவார். கடைசியில் வெறுத்துப்போய் அதை மேல் தட்டில் போட்டுவிட்டு, புதுப் பெட்டி வாங்கக் கிளம்பிவிடுவார். மாடல் சங்கத்து நண்பர்கள் அந்த மேல் தட்டுக்குச் சுடுகாடு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மனைவி பெரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். இப்போது முழங்கால் மாடிப்படிக்குச் சரியாக ஒத்துழைப்பதில்லை. கடலோரம் ஃபைலியில் மாடியில்லாத சின்ன வீடு ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டார்கள். பெட்டிகளைப் பற்றிய பேச்சு வந்தது அப்போதுதான்.

"கூட எடுத்துட்டு வா, நான் வேண்டாம்னு சொல்லலை" என்றாள் பெரில். "ஆனா ஒண்ணு. சங்கத்துக் கண்காட்சிக்குள்ள ஒரே ஒரு மாடலை முழுசா முடிச்சுக் காட்டு. முடிக்கலைன்னா எல்லாத்தையும் அங்கேயே ஃபீனிகிட்ட வித்துடணும். கட்டாத அட்டைப் பெட்டிக்காக நான் அலமாரி இல்லாம வாழ முடியாது."

ஃபீனி பழைய மாடல் பெட்டிகளை வாங்கி விற்கிறவன். நோரிஸின் பெட்டிகள் மீது அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

நோரிஸ் இரண்டு நாள் அறைக்குள் நடந்து நடந்து யோசித்து, ஒரு பெட்டியை இறக்கினார். அவர் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் கடைக்கு வந்தது. தபால் வண்டிக் காவலனுடைய சிக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி, அசல் அளவிலேயே. மூடியில் நாலு குதிரை பூட்டிய வண்டி, பின்னால் சிவப்புக் கோட்டுக் காவலன், காலடியில் தபால் மூட்டை.

"நம்ம ஆளு" என்றார் நோரிஸ்.

"அவனாவது தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான்" என்றாள் பெரில்.

அந்தச் சில வாரங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. பசை காயும்வரை தோட்டத்தைச் சுற்றுவார். மங்கலான மஞ்சள் பூசி, அதன்மேல் பழுப்பு எண்ணெய் வண்ணத்தைக் காய்ந்த தூரிகையால் இழுத்து, பிளாஸ்டிக்கை வால்நட் மரமாக்கினார். அது காயும்வரை கடைத்தெருவுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார். கட்டைவிரல் அரித்தது. பெரில் அடுப்படியிலிருந்து சூடான பாத்திரம் தூக்கும் பூப்போட்ட கையுறைகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

"இதைக் கழட்டினே, நான் ஃபீனிக்குப் போன் பண்ணிடுவேன்."

நம்ப மாட்டீர்கள், அது பலித்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் கடைசி வார்னிஷும் ஏறிவிட்டது. கைப்பிடியின் அடிமூடியை மட்டும் ஒட்டாமல் விட்டு, அந்தத் துளையில் ஒரு குச்சியைச் செருகியிருந்தார். காய்கிறவரை அதைப் பிடித்துத்தான் தூக்குவது. ஒரு ரேகை இல்லை, ஒரு தூசி இல்லை. ஆனால் பளபளப்பு சரிதானா என்பது விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, பகல் வெளிச்சம் வேண்டும். கையுறைக்குள் குச்சியைப் பிடித்துக்கொண்டு மாடி ஜன்னலுக்குப் போனார். ஒரு கண்ணை மூடி, குழலோடு பார்வையை ஓட்டி, மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினார்.

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் திரையை விலக்கியது அந்த நேரத்தில்தான். பாவம், அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ் வண்டி. "வீட்டுக்குள்ள இருக்கறவங்க கையைத் தூக்கிட்டு வெளியே வாங்க!" நோரிஸ் பூப்போட்ட கையுறைகளை வானத்தை நோக்கி நீட்டியபடி வந்தார். பின்னாலேயே உருளைக்கிழங்கு தோல் சீவும் கத்தியோடு பெரில்.

"கத்தியைக் கீழே போடுங்கம்மா! துப்பாக்கி எங்க சார்?"

"மாடியில. வார்னிஷ் ஈரமா இருக்கு! தொட்டுடாதீங்க!"

"அசையாதீங்க சார்!"

"நான் அசையலை. குச்சியைப் பிடிங்க, குச்சியை!" மூன்று துப்பாக்கிகள் அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய கவலையெல்லாம் வார்னிஷைப் பற்றித்தான்.

உள்ளே போன இளம் அதிகாரி திரும்பி வந்து உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "பிளாஸ்டிக், சார்ஜென்ட். ரொம்ப நல்லா பண்ணியிருக்காரு."

சார்ஜென்ட் நோரிஸை எதிர் வீட்டுக்கு அழைத்துப் போனார், பயந்த பெண்ணுக்குத் தைரியம் சொல்வதற்காக. அவள் அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், தேநீர் போட்டாள், இஞ்சிக் கேக் வெட்டினாள். எழுந்து போக வழியில்லை. நோரிஸ் தொடை ஆட ஆட உட்கார்ந்திருந்தார். மனம் மட்டும் எதிர் மாடியில் இருந்தது.

திரும்பி ஓடிவந்து பார்த்தால், கைப்பிடியின் பளபளப்பு நடுவில் அழகான ஒரு கட்டைவிரல் ரேகை.

"அந்தப் போலீஸ்காரன்! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" அப்படியே இடிந்துபோனார். மறு நிமிடம் உப்புத்தாளை எடுத்துவிட்டார். தேய்த்தால் மறுபடி மரம் வரைய வேண்டும், மறுபடி வார்னிஷ். ஒரு வாரம் ஆகும். கண்காட்சி நாளைக்கு.

"விடு நோரிஸ், யாருக்குத் தெரியப்போகுது" என்றாள் பெரில். இன்னொரு நாளாக இருந்தால் ஒரு கிண்டலாவது வந்திருக்கும். அவள் உருளைக்கிழங்கைத் தேடிக் கீழே போய்விட்டாள்.

மறுநாள் காலை குச்சியை உருவிவிட்டு அடிமூடியை ஒட்டினார். பேச்சுப்படி பெட்டிகள் எல்லாம் காரில் ஏறின. மண்டபத்தில் துப்பாக்கியை மேசைமேல் வைத்ததுமே கூட்டம் கூடியது. ஃபீனி காரைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து நின்றான். நடுவர் டெஸ்மண்ட் சின்ன டார்ச்சை அடித்துக் குனிந்தார்.

"என்னப்பா இது, கைரேகையா?"

நோரிஸ் நின்ற இடத்தில் நிற்காமல் கதையை ஆரம்பித்தார். ஜன்னல், போலீஸ், பூப்போட்ட கையுறை. மண்டபமே சிரித்தது. "கையுறையோட கையைத் தூக்கிட்டு நான் நிக்கறேன். அந்தப் பையன் மேல போறான். தலையில ஹெல்மெட், கையில கறுப்புக் கையுறை..."

அங்கே நின்றுவிட்டார்.

பையன் கையில் கையுறை. தன் கையிலும் கையுறை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பெரில் கையிலிருந்த தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

"நீயா?"

"பளபளன்னு இருந்துச்சு. காஞ்சிருச்சான்னு..."

"காஞ்சிருச்சான்னு பாத்தியா!"

"ஒரே ஒரு தடவைதான் தொட்டேன்."

"நானும் எப்பவும் ஒரே ஒரு தடவைதாண்டி தொடுவேன்!"

அவருக்குக் கோபம் வந்தது, நிஜமான கோபம். இத்தனை வருடம் கேட்ட திட்டெல்லாம் தொண்டைக்கு வந்தது. கூடவே, இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும் வந்து தொலைத்தது. தான் செய்த ஒன்றைப் பார்த்து அவளுக்கும் கை அரித்திருக்கிறது.

ஃபீனி தொண்டையைச் செருமினான். "அப்போ இது முடியலைன்னுதானே அர்த்தம், பெரில்? பெட்டியை இறக்கலாமா?"

பெரில் கோப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். எந்தப் பக்கம் பேச முடியும் அவளால்?

"ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றார் டெஸ்மண்ட் நல்ல மனதோடு. "தேய்ச்சுட்டு மறுபடி பூசுனா போச்சு. அடுத்த வருஷம் கொண்டாயேன்." சொல்லிக்கொண்டே அந்த ரேகையின்மேல் விரலை நீட்டினார்.

நோரிஸின் கை சட்டைப்பையிலிருந்த உப்புத்தாளை நோக்கித்தான் போனது. போன கை பாதியில் திரும்பி, டெஸ்மண்டின் விரலைத் தட்டிவிட்டது.

"கையை எடுய்யா! அது முடிஞ்சாச்சு."

பெரில் கோப்பையைக் கீழே வைத்தாள். ஃபீனி வேறு மேசைக்குப் போனான்.