எத்தனையாம் பிள்ளை?

"மாஸ்டர்... ஒரு பிள்ளை தான் வகுப்பிலை எத்தினையாம் பிள்ளை எண்டு தெரியாமல் அஞ்சு வருசம் படிக்கலாமோ?"

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கே பலேர்மோவில், பல்லரோ சந்தையில் மீன்கடைக்கு முன்னால் நின்றுகொண்டு மரியதாஸ் கேட்ட கேள்வி இது. கையில் ஒரு பை சூடை மீன். முகத்தில் செத்தவீட்டுக்குப் போய் வந்த களை.

மரியதாஸ் மன்னார்க்காரர். பொலிதேயாமா பக்கம் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. மகள் டிலானி பலேர்மோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். கடைசி வருடம். எங்கள் ஆட்களில் இங்கே நேர்ஸ் உண்டு, கணக்கு எழுதுகிற பிள்ளைகள் உண்டு... அவ்வொக்காத்தோ என்று இத்தாலியர் மரியாதையாகக் கூப்பிடுகிற வக்கீல் மட்டும், எனக்குத் தெரிந்து, இன்னும் இல்லை. ஆகவே டிலானி மரியதாஸின் மகள் மட்டுமல்ல. ஞாயிறு பூசைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் "எங்கட டிலானி".

என்னைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வார நாட்களில் ஒரு பெரிய கட்டடத்தில் வாசல் காவலும் படிக்கட்டுத் துப்புரவும். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. அந்த 'மாஸ்டர்' பட்டம் சனிக்கிழமையால் வந்தது.

"ஏன், என்ன நடந்தது?" என்றேன்.

"மிலானோவிலை பெரிய சட்டக் கம்பனி ஒண்டு, மாஸ்டர். வெளிநாட்டுக்காரற்றை. ஆறு மாசம் வந்து வேலை பழகலாமாம். கெட்டிக்காரர் எண்டால் அப்பிடியே வைச்சிருப்பினமாம். விண்ணப்பத்தைக் கம்பியூட்டரிலை நிரப்பிக்கொண்டு வாறாள்... ரெண்டு கட்டத்திலை நிண்டிட்டுது. வகுப்பிலை உங்கட இடம் என்ன? மொத்தம் எத்தினை பேர்? எண் போடாட்டி அடுத்த பக்கம் போகுதில்லை. வாற வெள்ளி கடைசி நாள்."

"போட வேண்டியதுதானே?"

"என்னத்தைப் போடுறது? இஞ்சை அப்பிடி ஒண்டே இல்லையாம்!"

நான் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்களா? முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை இல்லாமல் ஒரு பள்ளிக்கூடமா? நம் ஊரில் பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்குமுன்னரே அதன் இடம் தெரிந்துவிடும். மாமி வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீர் குடிக்குமுன் கேட்கிற கேள்வியல்லவா அது?

ஆனால் டிலானி பல்கலைக்கழகக் காரியாலயத்துக்கே போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாராம்: "சிஞ்ஞொரீனா, இது பல்கலைக்கழகம். சைக்கிள் ஓட்டப்போட்டி இல்லை."

இந்த ஊர்ப் பரீட்சையை நான் முன்பே புரிந்துகொள்ள முயன்று தோற்றவன். முப்பதுக்குப் புள்ளி. பதினெட்டு எடுத்தால் பாஸ். பெரும்பாலும் எழுதுவதில்லை — வாயால்தான். பேராசிரியருக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கும். யாரும் போய் இருந்து கேட்கலாம்.

யாரும் போகலாம் என்றால் மரியதாஸ் போகாமல் இருப்பாரா?

இரண்டு வருடத்துக்கு முன் போனார். சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கடைசி வாங்கில் இருந்தார். மகள் கதைத்ததில் பாதி அவருக்கு விளங்கவில்லை. நிற்காமல் கதைத்தாள் என்பது மட்டும் விளங்கியது. பேராசிரியர் கடைசியில் "இருபத்திநாலு" என்றார். மரியதாஸ் நெஞ்சில் சிலுவை போட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் டிலானி சொன்னாள்: "நன்றி புரொபெசோரே... வேண்டாம்."

ஆம்... இங்கே அப்படிச் சொல்லலாம். தந்த புள்ளி பிடிக்கவில்லையா? வேண்டாம் என்று விட்டுவிட்டு இன்னொரு தடவை வரலாம். மரியதாஸுக்கு இது தெரியாது. துள்ளி எழுந்தார். உணவகத்தில் ஓர்டர் திருப்பிச் சொல்கிற அதே குரலில், இத்தாலிய மொழியில் கத்தினார்: "புரொபெசோரே! நாங்கள் எடுக்கிறம்! நாங்கள் எடுக்கிறம்!"

மண்டபமே சிரித்தது. டிலானி ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பிறகு திரும்பப் போய் இருபத்தொன்பது எடுத்தாள். மரியதாஸுக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. "குடுத்ததை விட்டிட்டாள் மாஸ்டர்... மனுசர் எவ்வளவு விரும்பிக் குடுத்தவர்!" என்று இன்றைக்கும் சொல்வார்.

சரி. இந்த 'இடம்' விவகாரத்தை யாரிடம் கேட்பது? டொரொன்டோவில் என் தங்கையின் மகள் அபிராமி சட்டம் படித்தவள். கூப்பிட்டேன்.

"மாமா, இஞ்சை கேர்வ் எண்டு ஒண்டு இருக்கு," என்றாள். "வகுப்பிலை இத்தினை பேருக்குத்தான் ஏ, இத்தினை பேருக்கு பி எண்டு முதலே முடிவு. அதுக்குள்ளைதான் எல்லாரும் அடங்க வேணும்."

"எல்லாரும் நல்லா எழுதினால்?"

"எழுதினாலும் அப்பிடித்தான்."

"அதெப்பிடி பிள்ளை? பானையிலை சோறு முழுக்க வெந்தால்?"

"வெந்தாலும் ஒரு பிடி வேகேல்லை எண்டு சொல்லத்தான் வேணும் மாமா."

எனக்கு நம் ஊரில் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற இஸட் ஸ்கோர் ஞாபகம் வந்தது. பிள்ளையின் விதியையே எழுதுகிற எண் அது. அதை விளங்கிக்கொண்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அபிராமி மேலும் சொன்னாள். அங்கே பெரிய கம்பனிகள் முதல் வருடப் புள்ளியைப் பார்த்து இரண்டாம் வருடத்திலேயே ஆள் எடுத்துவிடுமாம்.

"அப்ப மூண்டாம் வருசம் என்னத்துக்குப் படிக்கிறது?"

"அதைத்தான் மாமா எல்லாரும் கேக்கினம்."

போனை வைத்தபோது, எடுத்தபோது இருந்ததைவிடக் குழம்பியிருந்தேன். அங்கே, நீ நன்றாக எழுதினாலும் பக்கத்தில் இருப்பவள் இன்னும் நன்றாக எழுதிவிட்டால் நீ கீழே. இங்கே, ஒரே காலையில் எட்டுப்பத்துப் பேர் முப்பதுக்கு முப்பது எடுத்துவிட்டு வாசலில் நின்று கோப்பி குடிக்கிறார்கள். எது நியாயம்? எட்டுப் பேரும் முதலாம் பிள்ளை என்றால், முதலாம் பிள்ளை என்ற சொல்லுக்கு என்ன வேலை?

மிலானோ கிடைக்காவிட்டால் என்ன, பலேர்மோவிலேயே வக்கீல்கள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நான் வேலை செய்கிற கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஓர் அவ்வொக்காத்தோ இருக்கிறார். நல்ல மனிதர். தினமும் வணக்கம் சொல்வார். இங்கே படிப்பு முடிந்ததும் ஒரு வக்கீலிடம் ஒன்றரை வருடம் வேலை பழக வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், எடுப்பீர்களா என்று கேட்டேன்.

அவர் புள்ளியைக் கேட்கவில்லை. இடத்தையும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"யாருடைய மகள்?"

"மரியதாஸின் மகள்."

அவர் கண்ணை மூடி யோசித்தார். அவருக்குத் தெரிந்த வக்கீல், நீதவான், நொத்தாரிசு எல்லோரையும் மனதுக்குள் ஒரு சுற்றுப் பார்த்திருக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "எந்த மரியதாஸ்?"

சமையல் வேலை செய்கிற மரியதாஸ் என்றேன். 'ஒருநாள் வரச் சொல்' என்றார். அந்த ஒருநாள் எந்தக் கலண்டரிலும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படிக்கட்டைக் கழுவிக்கொண்டு இருக்கும்போது மனது கனத்துப் போயிருந்தது. ஓரிடத்தில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்கிறார்கள். இன்னோரிடத்தில் யாருடைய பிள்ளை என்று கேட்கிறார்கள். டிலானியிடம் இரண்டுக்கும் பதில் இல்லை. என்ன படித்தாய் என்று கேட்கிற ஓர் ஆளை எங்கே போய்த் தேடுவது?

வியாழக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வியா மக்வேதா தெருவால் நடந்து வருகிறேன்... ஐஸ்கிரீம்காரனுக்குப் பக்கத்தில் மரியதாஸ். காத்துக்கொண்டு நிற்கிறார்.

"மாஸ்டர், நீங்கள் ஒரு எழுத்துத் தரவேணும். உங்கட தமிழ் வகுப்பிலை படிச்சவள்தானே? அங்கை இடம் போடுறனீங்கள்தானே? பலேர்மோவிலை பிள்ளையளுக்கு இடம் போடுற ஒரே ஆள் நீங்கள்தான்."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான்! பெற்றோர் விடமாட்டார்கள். ஆண்டு முடிவில் பரிசளிப்பு விழா, மேசை நிறையக் கிண்ணம், முதலாம் இடம் இரண்டாம் இடம் எல்லாம் வேண்டும்.

"மரியதாஸ்... அவள் எத்தினையாம் பிள்ளை எண்டு உமக்கு ஞாபகம் இருக்கோ?"

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"அஞ்சாம் பிள்ளை," என்றேன்.

"எத்தினை பேரிலை?"

"ஏழு."

மரியதாஸ் எனக்குக் கிட்ட வந்தார். பிறகு அவர் மெல்லக் கேட்டார்: "அதைக் கொஞ்சம் மேலை ஏத்தேலாதோ?"

ஏற்ற முடியாது. அந்த ஐந்தாம் இடத்துக்கு ஒரு கதை இருக்கிறது. டிலானிக்கு அப்போது பதினொரு வயது. பரிசளிப்பு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என்னை மறித்தாள். பிந்தி வந்ததற்காக நான் இரண்டு புள்ளி குறைத்தது பிழையாம். பிந்தினால் குறைப்பேன் என்று முதலே அறிவிக்கவில்லையாம். அறிவிக்காத சட்டத்தால் தண்டிக்கலாமா? பஸ் வராததற்கு அவளா பொறுப்பு? அந்த இரண்டு புள்ளியும் இருந்தால் அவள் மூன்றாம் பிள்ளை. நான் சொன்னேன்: "போய் இரு." இன்றைக்கும் சொல்கிறேன், பிந்தி வந்தது பிந்தி வந்ததுதான்.

நாங்கள் இப்படி நிற்கும்போதே டிலானி வந்துவிட்டாள். நூலகத்திலிருந்து வருகிறாள் போல, தோளில் கனமான பை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது.

"சேர்... எழுத்து ஒண்டும் வேண்டாம். அனுப்பிட்டன்."

"அனுப்பிட்டியோ? கட்டத்திலை என்ன போட்டனி?" மரியதாஸ் கேட்டார்.

"அஞ்சு. பக்கத்துக் கட்டத்திலை ஏழு."

மரியதாஸ் அப்படியே பக்கத்துக் கடைப் படியில் குந்திவிட்டார். மிலானோவில் ஐந்தாம் பிள்ளையை யார் தொடுவார்கள்? அதுவும் ஏழு பேரில்!

"பொய் எழுதேல்லை," என்றாள். "கீழை விளக்கம் எழுதக் கட்டம் இருந்தது. பல்கலைக்கழகம் இடம் போடுறேல்லை, என்ர வாழ்க்கையிலை எனக்குக் கிடைச்ச ஒரே இடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலை, அதை எதிர்த்து மேன்முறையீடு செய்தனான் எண்டு எழுதினன். பல்கலைக்கழகப் புள்ளியும் முழுக்க வைச்சனான்."

இப்படி ஒரு பிள்ளையை என்ன செய்வது? எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. அந்த விண்ணப்பத்தில், மிலானோ வரைக்கும், என் தீர்ப்பும் போயிருக்கிறது!

பத்து நாள் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கம்பியூட்டரில்தான். மூன்று பேர் இருந்தார்களாம். நடுவில் இருந்த பெண் புள்ளிகளைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது: "மேன்முறையீடு என்ன காரணத்தில்?"

டிலானி சொல்லியிருக்கிறாள். அறிவிக்காத சட்டம், பிந்திய பஸ், இரண்டு புள்ளி, எல்லாம். மூவரும் குறுக்குக் கேள்வி கேட்டார்களாம். ஒருவர் என் பக்கம் நின்று வாதாடினாராம் — அவர் யாரென்று தெரிந்தால் ஒரு நன்றி சொல்லலாம். கடைசியில் அந்தப் பெண், "யார் வென்றது?" என்று கேட்டார்.

"அவர்தான். எதிராளியும் அவர், நீதவானும் அவர்," என்றாளாம் டிலானி.

போன புதன்கிழமை மிலானோவிலிருந்து அழைப்பு. அந்தப் பெண்தான். மரியதாஸுக்கு அன்று விடுமுறை, அடுப்படியில் நின்றார். டிலானி போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். "உங்களை எடுக்க விரும்புகிறோம்" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. இவள், "நாளை வரைக்கும் யோசிக்கலாமா..." என்று தொடங்கியிருக்கிறாள். அடுப்படியிலிருந்து வந்தது பாருங்கள் ஒரு சத்தம் —

"நாங்கள் எடுக்கிறம்! சிஞ்ஞோரா, நாங்கள் எடுக்கிறம்!"

மிலானோவில் சிரிப்பு. "அது யார்? உங்கள் வக்கீலா?"

"இல்லை," என்றாள் டிலானி. "என்ர அப்பா. மரியதாஸ்."

அந்தப் பெண், எந்த மரியதாஸ் என்று கேட்கவில்லையாம். இதை டிலானி எனக்குச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். ஏன் மறைக்க வேண்டும்?

அன்று பின்னேரம் மரியதாஸ் என்னைக் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம் பொங்கி வழிந்தது. பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"எல்லாம் சரி மாஸ்டர்... எத்தினை பேரை எடுத்தவையாம்? இவள் அதிலை எத்தினையாம் பிள்ளை?"

சத்தியமாக, நானும் அதைத்தான் டிலானியிடம் முதலில் கேட்டேன்.