வெறுந்தட்டு

எங்கள் பக்கத்தில் கோடை, குளிர் என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் அடிக்கும், இல்லாவிட்டால் மழை பெய்யும். ஆனாலும் ஆகஸ்டு கடைசியில் ஒரு பருவம் வரும். கடல் தாண்டி எங்கோ காடு எரிகிற புகை வந்து செம்பனை மரங்களுக்கிடையில் நாள்கணக்கில் படுத்துக்கிடக்கும். பள்ளிக்கூடம் ஒரு வாரம் விடுமுறை. அந்தப் புகைக்கு நடுவில் எங்கள் வீட்டிலிருந்து பட்டர் வாசனை கிளம்பும். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அம்மா பிஸ்கட் சுட ஆரம்பித்துவிடுவாள். பாடப்புத்தகத்தில் கோடைக்காலம் என்று படித்தபோது இதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரந்தா என்ற சின்ன டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால், அப்பா அங்கே கூலிக்குச் செம்பனைக் குலை வெட்டினார் என்று அர்த்தம். அம்மாவிடம் கேஸ் அடுப்பின்மேல் தூக்கி வைக்கிற தகர ஓவன் ஒன்று இருந்தது. அதன் கதவு சரியாக மூடாது. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்துத்தான் சுடுவாள். அதிலிருந்து வெளிவரும் அன்னாசி டார்ட் பிஸ்கட்டுக்கு எங்கள் லயத்து வீடுகளில் நல்ல பெயர் இருந்தது.

அம்மாவுக்கு ஒரே தங்கை. அந்தச் சின்னம்மா தோட்டத்தின் அடுத்த டிவிசனில் குடியிருந்தாள். செம்பனைக்குள் நடந்தால் இருபது நிமிடம். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. சின்னம்மா சுட்ட பிஸ்கட்டைக் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது. ஆகவே இரண்டு வீட்டுக்கும் பலகாரம் அம்மா, இரண்டு வீட்டுக்கும் துணிமணி சின்னம்மா என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதத்தில் சின்னம்மா ஒருநாள் சிரம்பானுக்குப் பஸ் ஏறுவாள். துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைகளை முன்னும் பின்னும் பார்ப்பாள். கடைக்காரர் வந்து விசாரித்தால் சும்மா பார்க்கிறேன்லா என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவாள். வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கழுத்து, கை, கீழே எத்தனை மடிப்பு என்று அத்தனையையும் வரைந்துவிடுவாள். அந்த வருடத்து மாடல் என்ன, நிறம் என்ன என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். ஒரு வருடம் குடைப்பாவாடை, இன்னொரு வருடம் வலைத்துணி வைத்த கை. தீபாவளியன்று என் கவுனைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்பிள்ளைகள் வீட்டில் போய் அழுவார்கள். அந்தப் பெருமையில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் எனக்கே இரண்டு வைக்கலாம் போலிருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதான வருடம், சித்திரைத் திருவிழாவுக்குச் சின்னம்மா ஒரு கண் வீங்கி வந்தாள். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள். அதற்கு முந்தைய முறை சமையலறைக் கதவு. அந்த வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் கை முளைத்திருக்கிறதா என்று கேட்ட அம்மா, அர்ச்சனைத் தட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நேரே சித்தப்பாவைத் தேடி அவர் வீட்டுக்குப் போனாள். சின்னம்மாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். அன்றைக்கு அந்த டிவிசனே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. அம்மா சித்தப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கடைசியில் சின்னம்மாதான் முன்னால் வந்தாள்.

"என் குடும்பத்துல தலையிடாதக்கா. நீ போ."

சித்தப்பா அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்திருப்பாள். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் அவமானம் அவளுக்குத் தலைக்கேறிவிட்டது.

"நீயா கூப்புடாம இந்த வாசல மிதிச்சேன்னா ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நான்கு மாதம் பேச்சில்லை. கைப்பேசி வந்துவிட்ட காலம்தான். ஆனால் அந்த வீட்டுக் கைப்பேசி சித்தப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. சின்னம்மா கடைப்பக்கம் வருவதில்லை, கோயிலுக்கு வருவதில்லை, நொண்டி நடக்கிறாள் என்று யாராவது வந்து சொல்வார்கள். அம்மா எனக்கென்ன என்பதுபோல அரிசி களைந்துகொண்டிருப்பாள். நான்காவது தடவை ஐந்தாவது தடவை என்று களைந்துகொண்டே இருப்பாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

விடுமுறை வந்தது. அம்மா அன்னாசியைத் துருவி, பட்டை கிராம்பு போட்டுக் கிண்டி, முதல் ஈடு டார்ட் சுட்டாள். கருகாமல், வெடிக்காமல், ஒரே நிறத்தில் வந்ததாகப் பார்த்துப் பன்னிரண்டைப் பொறுக்கி ஓர் எவர்சில்வர் தட்டில் அடுக்கினாள். அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு மூடினாள்.

"சின்னம்மாகிட்ட குடுத்துட்டு தட்ட வாங்கிட்டு வா. வழியில பராக்கு பாத்துக்கிட்டு நிக்காத."

இந்தத் தட்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பலகாரத் தட்டு வந்தால் அதை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். வெறுந்தட்டு வந்தால், இனி உன் சங்காத்தமே வேண்டாம் என்று பொருள். பெரியவர்களுக்கு இது எழுதி வைக்காத சட்டம். எனக்கோ அந்தச் சீனி, தட்டுத் தூக்கிப் போகிறவளுக்குக் கிடைக்கிற கூலி. பக்கத்து வீடுகளுக்குப் போய்வரும்போதெல்லாம் விரலால் தொட்டு நக்கிக்கொண்டே வருவேன். அம்மாவும் எறும்புக்குப் பிறந்தவளே என்று திட்டுவதோடு விட்டுவிடுவாள்.

அன்று காலை அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்ததை நான் பெரியவளான பிறகு அப்பா வாயால்தான் கேட்டேன். சீனி வந்தால் தங்கை கூப்பிட்டுவிட்டாள் என்று அர்த்தம். மறுநாளே போய், யார் நின்று மறித்தாலும் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. வெறுந்தட்டு வந்தால் அவளுக்கு அவள் புருஷனே போதும். அம்மா சின்னம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தட்டில் வைத்து என் கையில் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது பன்னிரண்டு டார்ட்.

சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். கதவைத் தட்டியதும் சின்னம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். புகையும் புழுக்கமும் சேர்ந்து மூச்சு முட்டுகிற அந்த நாளில், மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். கழுத்தும் மேலே ஏறியிருந்தது. துணி என்றால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"இந்த வருசம் முழுக்கைதான் மாடலா சின்னம்மா?"

அவள் ரவிக்கைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"ஆமாடி. இந்த வருசம் இதான் மாடல்."

எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்றேன். வேண்டாம், உனக்குப் பஃப் கை வைத்துத் தருகிறேன் என்றாள். தட்டைத் திறந்து ஒரு டார்ட்டை எடுத்து நின்றுகொண்டே தின்றாள். அடுத்ததையும் தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. புகைக்கு எல்லோருக்கும் அப்போது கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அளவு நாடாவை எடுத்து என் தோள், மார்பு, உயரம் எல்லாம் அளந்து தாளில் எழுதிக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லாதே, தைத்து முடித்ததும் காட்டலாம் என்றாள். அந்த வருடம் எனக்குப் புதுக் கவுன் இல்லை என்று நான்கு மாதமாக நொந்துபோயிருந்தவள் நான். தரையில் கால் பாவவில்லை.

புறப்படும்போது சீனி டின்னைத் திறந்தாள். மற்றவர்கள் மாதிரி ஒரு கை அல்ல. டின்னைத் தட்டின்மேல் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டிப் போட்டாள். வெள்ளைத் துணியால் மூடி, முனைகளைத் தட்டுக்கடியில் முடிச்சுப் போட்டாள்.

"சிந்தாம கொண்டு போ. அம்மா கையிலயே குடுக்கணும், சரியா?"

பாதி வழிவரை நல்ல பிள்ளையாகத்தான் வந்தேன். பிறகு முடிச்சை அவிழ்த்தேன். ஒரு விரல் சீனி, இன்னொரு விரல், பிறகு உள்ளங்கை. நக்கிக்கொண்டே நடந்தவள் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஒதுங்கப்போய்ச் செம்மண் பாதையில் விழுந்தேன். பாதிச் சீனி மண்ணில். மீதிச் சீனியில் மண். முழங்காலில் ரத்தம் வந்ததைவிட, இதை அம்மாவிடம் எப்படிக் காட்டுவது என்பதுதான் பயமாக இருந்தது. தின்றதும் தெரிந்துவிடும், விழுந்ததும் தெரிந்துவிடும். யோசித்துப் பார்த்து, எஞ்சியிருந்ததையும் காட்டு வாய்க்காலில் கொட்டினேன். தட்டை அந்தத் தண்ணீரிலேயே கழுவி, பாவாடையில் துடைத்தேன். ஒரு துணுக்குச் சீனிகூட ஒட்டியிருக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பத் துடைத்தேன். அதுவரை எந்த வேலையையும் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் மாவு. தட்டை வாங்கித் துணியை விலக்கினாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"சின்னம்மா ஒன்னும் போடலையா?"

"போடல."

"தட்ட அதுதான் கழுவிக் குடுத்துச்சா?"

"ஆமா. நல்லா கழுவி, தொடச்சிக் குடுத்துச்சி."

துடைத்த விஷயத்தை அவள் கேட்கவே இல்லை. பொய்க்குப் பலம் சேர்ப்பதாக நினைத்து நானாகத்தான் சொன்னேன். அம்மா என் முழங்கால் ரத்தத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஓவன் முன்னால் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வீடெல்லாம் கருகல் வாடை. இரண்டாவது ஈடு முழுக்கக் கரியாகியிருந்தது. அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு மூன்று வாரம் அம்மா எங்கும் போகவில்லை. சின்னம்மா அந்த மூன்று வாரமும் எங்கள் அம்மாவை எதிர்பார்த்து சன்னலடியில் நின்றிருப்பாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சன்னல் வழியாகப் பார்த்துக் கதவு திறந்த அந்த முகத்தை அறிந்தவள் என்பதால் எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆள் வந்தது. சின்னம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சித்தப்பா சொன்னாராம். சிரம்பானுக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. போலீஸ் வந்தது, கேட்டது, எழுதியது. அந்தக் குளியலறைத் தரை சொரசொரப்பான சிமெண்டு. நான் எத்தனையோ தடவை அதில் ஓடியிருக்கிறேன், ஒருமுறைகூட வழுக்கியதில்லை. ஒன்பது வயதுப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. பெரியவர்களிடம் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

உடலைக் குளிப்பாட்ட மறைப்புக் கட்ட வேண்டியிருந்தது. பழைய சேலை தேடி அம்மா சின்னம்மாவின் அறைக்குள் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். தையல் மிஷின்மேல் மயில் பச்சையில் ஒரு கவுன் கிடந்தது. ஒரு பக்கம் பஃப் கை வைத்துத் தைத்தாகிவிட்டது. மற்றப் பக்கம் ஊசி குத்தியபடி நின்றது. அளவு எழுதிய தாள் அதில் குண்டூசியால் செருகியிருந்தது. அம்மா கவுனை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். அப்படியே பொருந்தியது.

"எப்ப அளவு எடுத்துச்சி?"

"டார்ட் கொண்டு போனேன்ல, அன்னைக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த மாதிரி அவள் என்னைப் பிறகு எப்போதும் பார்த்ததில்லை. அவள் பார்வை என் முகத்திலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. காய்ந்த தழும்பு அங்கே இருந்தது. ஏதோ கேட்கப்போகிறவள்போல வாயைத் திறந்தாள். நான் பாவாடையை இழுத்து முழங்காலை மூடினேன். அவள் வாயை மூடிக்கொண்டு, கவுனை நாலாக மடித்து மிஷினுக்கு அடியில் வைத்தாள். பழைய சேலையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கூடத்தில் பெண்கள் சும்மா இருப்பார்களா. ஒரே தங்கச்சி, இருபது நிமிசத்துல வீடு, ஒரு நடை வந்து பாத்திருக்கக்கூடாதா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். வாசலில் நின்ற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இவ ஏன் போகல தெரியுமா, அன்னைக்குப் பலகாரம் அனுப்புனதுக்கு அந்தத் தட்டு, என்று உரக்கத் தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்க" என்று அம்மா அவரை அடக்கினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தட்டும் இல்ல, ஒன்னும் இல்ல. எனக்குத்தான் வீம்பு. அவ கூப்புட்டா. நான் போகல."

அந்தப் பெண்கள் அவளை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் அவள் பிறகு எல்லாக் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போய்வந்தாள். கூடப்பிறந்தவளைச் சாகவிட்டவள் என்று காதுபடப் பேசினார்கள். ஒருமுறையும் அவள் தட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை, என்னிடம்கூட. இன்று நீலாய் டவுனில் என் வீட்டில் இருக்கிறாள். என் மகளுக்கு ஒன்பது வயது. இந்தப் பிள்ளைமேல் ஒரு பழி வந்தால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்த பிறகுதான், அன்று அந்தக் கூடத்தில் அம்மா செய்தது எனக்குப் புரிந்தது.

அன்றைக்குப் புரியவில்லை. அம்மா தட்டை மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். திட்டு விழவில்லை, அடி விழவில்லை. தப்பித்தேன் என்று இருந்தது. கொல்லைப்பக்கம் பிள்ளைகள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.