வட்டுக்கோட்டைக்குப் போன ஆறு தட்டுகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: சித்திரை வெயிலில், அரக்கில் வார்த்த ஆறு கிராமபோன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவனைவிடப் பெரிய மடையன் எங்கள் வலிகாமப் பகுதியிலேயே இல்லை. உருகிவிடுமென்று ஈரச்சாக்கால் சுற்றினேன். ஈரம் பட்டால் என்னாகுமோ என்று அவிழ்த்தேன். பஸ் வரும்வரை இதுவே வேலை.

காலை பத்தரை மணி. யாழ்ப்பாணத்திலிருந்து வட்டுக்கோட்டைக்கு எட்டு மைல், பஸ் காசு பதினைந்து சதம். அங்கே என் நண்பர் சபாரத்தினம், சித்திர வாத்தியார், காத்திருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவருக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பு மண்டபமொன்றில் சோகமான சிம்பனி ஒன்றைக் கேட்டவர், மூன்றாம் பகுதி முடிந்ததும் யாழ்ப்பாண ரயிலைப் பிடிக்க எழுந்து ஓடிவிட்டார். நாலாவதுதான் கடைசி. "அது எப்பிடி முடியுதெண்டு கேட்டுப்போட்டுத்தான் கத்திக்குப் படுப்பன்" என்று எழுதியிருந்தார். நான் வேலைசெய்யும் கந்தோர்த் துரையிடம் தட்டுகளை இரவல் வாங்கி, முதல்நாள் போட்டுப் பார்த்தேன். அதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

ஆனைக்கோட்டையில் புகையிலைக் கட்டோடு ஏறிய கமக்காரர் என் மடியைப் பார்த்தார்.

"உதுக்குள்ளை என்ன தம்பி?"

"பாட்டு, அண்ணை. எண்பது பேர் சேர்ந்து வாத்தியத்திலை அழுகிறது."

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை!" என்று கத்திவிட்டேன். பஸ் முழுக்கத் திரும்பியது.

"சாகாமலே அழுகிறாங்களோ? எங்கடை பெண்டுகள் எட்டுப் பேர் காணும், உந்த எண்பதுக்கும்."

மானிப்பாய், சங்கானை என்று ஒவ்வொரு குழிக்கும் தட்டுகளோடு நானும் எழும்பி இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுப் படலையில் நண்பரின் மனைவி பாக்கியம் என்னை மறித்தார். "அண்ணை, உது கடைசியிலை நல்லாத்தானே முடியும்? நாளைக்கு அவருக்கு..."

"ஓம் தங்கச்சி. மங்களமாய்த்தான்" என்றேன். என் வாய்க்கு வெட்கமே கிடையாது. ஐந்தாம் தட்டில் மூன்றாம் பகுதி, அணிநடை. ஆறாம் தட்டில் நாலாவது, அழுகை. அந்த அழுகை ஓய்ந்து ஓய்ந்து, பெரிய நரம்பு வாத்தியங்களின் அடித்தொண்டை மூச்சாகி, அதுவும் நின்றுபோகிறது. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் கேட்கிற சாமானா?

யோசித்தேன். எங்கள் கச்சேரியில் முகாரி பாடினாலும் மங்களம் பாடாமல் எவன் எழும்புவான்? இதை எழுதிய வெள்ளைக்காரன் மறந்துவிட்டான், திருத்துவது என் கடமை. ஆறாம் தட்டை ஐந்தாவதுக்கு முன் சொருகினேன்.

சபாரத்தினம் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினார். கிணற்றடியில் யாரோ தனக்குள் முனகுவதுபோல், அவர் வீட்டுக் கிராமபோனில் முதல் தட்டு தொடங்கியது. பிறகு ஐந்து எண்ணிக்கையில் நொண்டி நொண்டி ஒரு நடனம். அடுத்து, என் திருத்தப்படி, அழுகை. வீணைகூட வெட்கப்படும் துக்கம். ஒரே வரி கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நண்பரின் கண் ஒரு தரம் திறந்து என்னைப் பார்த்து மூடியது. நான் கைப்பிடியைச் சுற்றுவதில் மும்முரமானேன்.

கடைசியில் அணிநடை. தாளமும் எக்காளமும் கூரையைத் தூக்கின. குசினி வாசலில் பாக்கியத்தின் முகம் மலர்ந்தது. ஊசியைத் தூக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

"எப்பிடி முடிவு? நாளைக்குத் தெம்பாய்ப் போகலாமெல்லே?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"உது அண்டைக்கே கேட்டது. கடைசியைக் கடைசியாய்ப் போடும்."