சொர்ணம் ஊற்றிய தண்ணீர்

கப்பலை விட்டு இறங்கிய அன்று அகதி முகாம் அதிகாரி, "சொந்த நாட்டுக்கு வந்துட்டீங்கம்மா, இனிமே என்ன பயம்?" என்றார். ரங்கூனில் பிறந்து, ரங்கூனில் வாழ்க்கைப்பட்டு, இருந்ததையெல்லாம் ரங்கூனிலேயே பறிகொடுத்து வந்தவள் சொர்ணம். மெட்ராஸ் எப்படிச் சொந்த நாடாகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவள் பாஷையைத்தான் இங்கேயும் பேசினார்கள். பேசிய வேகத்தில் பாதி காதில் ஏறவில்லை.

அந்த முகாமிலேயே அவளுடைய கைக்குழந்தை பேதியில் போயிற்று. குழியை மூடிய கையோடு அவளும் புருஷன் வெள்ளைச்சாமியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடையாற்றங்கரைக் குப்பத்துக்கு வந்து குடிசை போட்டார்கள். அறுபத்தெட்டின் கடைசி. அவனுக்குத் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டிருந்தது. ஆற்றங்கரையில் குடியிருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடையாது. மொத்தக் குப்பத்துக்கும் ஒரே கார்ப்பரேஷன் குழாய். விடிகிறபோது நூலாக வரும். வெயில் ஏறுமுன் நின்றுபோகும்.

அந்தக் குழாய் பாஞ்சாலியின் ராஜ்ஜியம். எதிர்த்துப் பேசிய ஒருத்தியின் முன்பல் குழாய்மேடையில் தெறித்து விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருந்தார்கள். சொர்ணம் முதல் நாள் வந்து நின்றதுமே பாஞ்சாலி அவள் குடத்தைக் காலால் எற்றி உருட்டிவிட்டாள்.

"எந்தூரு நீ?"

"ரங்கூனுங்க."

"கப்பல்ல வந்த மகாராணியா? போ, கட்சீல போய் நில்லு."

கடைசியில் நின்றால் குழாய் காற்றைத்தான் கொடுக்கும். மறுநாள் முன்னால் போய் நின்றாள். கூந்தலைப் பிடித்துச் சுழற்றித் தள்ளினாள் பாஞ்சாலி. உதடு கிழிந்தது. அதற்கும் மறுநாள் முழங்கால். இப்படியே தை போய் மாசி போயிற்று.

"தண்ணியில்லாம எப்படிப் பொழைக்கிறது? பேசாம முகாமுக்கே போயிருவோம்" என்றான் வெள்ளைச்சாமி.

"செத்தாலும் அங்க வரமாட்டேன்" என்றாள் சொர்ணம். அதற்கு அந்தக் குழாயில் அவள் குடத்துக்கு ஓர் இடம் வேண்டும்.

சித்திரை பிறந்தது. ரங்கூனில் அந்த நாட்களில் தண்ணீர்த் திருவிழா. கிண்ணத்தில் மொண்டு எதிர்ப்பட்டவர் மேலெல்லாம் ஊற்றுவார்கள். போன வருஷத்துப் பாவமும் பகையும் அந்தத் தண்ணீரோடு வழிந்துவிடும் என்று நம்பிக்கை. நனைந்தவர் கோபிக்கக் கூடாது. லத்தி பிடித்த போலீஸ்காரன்கூடச் சொட்டச் சொட்டச் சிரிப்பான். பகையாளிகள் அன்றைக்குக் கைகோத்துக்கொண்டு போவதைச் சொர்ணம் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். சமாதானத்துக்கு அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

குடிசையில் மிச்சமிருந்த ஒரு செம்புத் தண்ணீரில் நாலு மல்லிகையைப் பிய்த்துப் போட்டு எடுத்துப் போனாள். பாஞ்சாலி குழாயடியில் குனிந்திருந்தாள். சொர்ணம் சிரித்துக்கொண்டே செம்பை அவள் உச்சந்தலையில் கவிழ்த்தாள்.

பாஞ்சாலியின் குங்குமம் கரைந்து மூக்கின் மேல் சிவப்பாக வழிந்தது. அவள் புருஷன் நாகராஜ் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த வாரம் அது. தாலி இழந்தவள் தலையில்தான் இப்படி ஊர்கூடித் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தச் சடங்கு சொர்ணத்துக்கும் தெரிந்ததுதான். நாகராஜ் விழுந்த சேதிதான் தெரியாது. குப்பத்தில் அவளோடு யார் பேசினார்கள், சொல்வதற்கு?

"என் தாலிய அறுக்க வந்தியாடி, பேமானி!"

பித்தளைக் குடம் நெற்றியில் வந்து மோதியது. "எங்க ஊர்ல திருவிழா..." என்று தொடங்கிய வாயில் அடுத்த அடி. விழுந்தவளின் இடது கையை மேடைமேல் இழுத்து வைத்துக் குதிகாலால் மிதித்தாள் பாஞ்சாலி. சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் வரிசையின் கடைசிவரை கேட்டது. ஒருத்தியும் விலக்க வரவில்லை.

சாயங்காலம் பாஞ்சாலியின் தம்பி துரைராஜ் கடப்பாரையோடு வந்தான்.

"இன்னா நைனா, பொண்டாட்டிய இஸ்துகினு இப்பவே ஓடிரு. இல்லாங்காட்டி ரெண்டு பேரையும் ஆத்துல கடாசிருவேன்."

வெள்ளைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கைக்குக் கீழே வயிற்றில் உதை விழுந்தது. துரைராஜ் ஒரு மூங்கிலைப் பிடுங்கினான். கூரை ஒரு பக்கம் உட்கார்ந்தது. அதன் கீழிருந்து சொர்ணம் அரிவாள்மனையோடு வெளியே வந்தாள். யாரும் எதுவும் சொல்வதற்குள் வீசினாள். அவன் முன்கையில் சதை வாய் திறந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதற்குப் பிறகே ரத்தம் வந்தது. மறுபடி ஓங்கினாள். அவன் ஓடினான். யாருக்கும் புரியாத பர்மியப் பாஷையில் கத்திக்கொண்டு குழாயடிவரை துரத்தினாள்.

துரைராஜ் போலீசுக்குப் போகவில்லை. போலீஸ் அவனைத் தேட வேறு காரணங்கள் இருந்தன.

காலையில் சொர்ணம் குடத்தோடு வந்தபோது வரிசை தானாக விலகியது. "நீ புடிச்சுக்கக்கா" என்றாள் ஒருத்தி. இந்த ஊர் அவளை முதன்முதலாக அக்கா என்றது.

வைகாசி முடிகிற சமயம் நாகராஜ் கட்டையை ஊன்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் குழாயடியில் பாஞ்சாலி, சொர்ணத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மெய்யாலுமே சொல்லு. அன்னிக்கு இன்னாத்துக்குத் தண்ணி ஊத்துன?" என்றாள்.

குரலில் சண்டை இல்லை. திருவிழா என்று சொல்லிவிடலாம். சொன்னால் பாஞ்சாலி முதலில் முறைப்பாள், அப்புறம் சிரிப்பாள். குழாயடி முழுக்கச் சிரிக்கும். சிரித்தவர்கள் நாளைக்கே முதுகில் கைவைத்துத் தள்ளுவார்கள். வெள்ளைச்சாமி முகாம் என்ற சொல்லை எடுத்தே பல வாரம் ஆகியிருந்தது.

சொர்ணம் நிமிர்ந்தாள். எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னாள்:

"உன் தாலிய அறுக்கத்தான் ஊத்துனேன். இன்னா இப்போ?"

பாஞ்சாலி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பாதி நிரம்பிய தன் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.