ஆறுமுகத்தின் பெயரில் அர்ச்சனை

போன ஞாயிற்றுக்கிழமை நம் தீவின் பாம்பூ ஊருக்குப் போயிருந்தேன். உலகப் போருக்குப் போன நம் ஆட்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் மரியாதை செய்யும் விழா. மைதானத்தில் பந்தல், கொடிக்கம்பம், பெயர்கள் வெட்டிய ஒரு கல்... புது மைக் வேறு. விழாச் செயலாளர் அதை அடிக்கடி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போர் முடிந்து இருபது வருஷத்துக்கும் மேலாகிறது. இத்தனை நாள் நினைக்காதவர்களை இப்போது நினைக்கிறோம். தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது அல்லவா? புது நாட்டுக்கு வீரர்கள் தேவைப்படுகிறார்கள்.

முன்வரிசை, இறந்த வீரர்களின் மனைவிமாருக்கு. எல்லோரும் வெள்ளைச் சேலையில். ஒருவர் மட்டும் மஞ்சள் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் தாலி. பெயர் அஞ்சலை. கணவர் ஆறுமுகம், பட்டாளத்துக்குப் பாதையும் பதுங்குகுழியும் வெட்டும் பயனியர் படையில் சேர்ந்து எகிப்துக்குக் கப்பலேறியவர். கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. முதலில் ‘காணவில்லை’ என்றார்கள். பிறகு ‘இறந்திருக்க வேண்டும்’ என்றார்கள்.

முதலில் சொன்னதை மட்டும்தான் அஞ்சலை ஏற்றுக்கொண்டார்.

விழா தொடங்குமுன் எழுந்து செயலாளரிடம் போனார். பேசியது பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழியில்தான் — நம் வீடுகளில் வேறென்ன பேசுகிறோம்? தமிழில் தருகிறேன்.

“முசியே, அவர் பேரை மட்டும் வாசிக்காம விட்டுடுங்க.”

“எதுக்குக்கா? மரியாதைக்குத்தானே வாசிக்கிறோம்!”

“செத்தாத்தான் மரியாதையா?”

செயலாளர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். “ஐயோ அக்கா, கல்லுலயே வெட்டியாச்சு...”

“கல்லு இருக்கட்டும். அதோ, பூசாரியைக் கூப்பிட்டு உட்கார வச்சிருக்கீங்க. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் பேருக்கு அர்ச்சனை பண்றது அவர்தான். அவர் காதுபட செத்தவங்களோட சேர்த்துப் படிச்சா, அப்புறம் எப்படிப் பண்ணுவார்?”

நியாயமான கேள்வி. உயிரோடு இருப்பவர் பெயருக்குத்தானே அர்ச்சனை?

செயலாளர் கெட்டவர் அல்ல. அவரும் அதே படையில் மண்வெட்டி பிடித்தவர்தான். “ஒரு பேரை விட்டா, அந்தக் குடும்பத்தை மறந்துட்டாங்கன்னு ஊர் பேசும்கா.”

“அந்தக் குடும்பமே நான்தானேய்யா!”

அதற்குள் பியூகிள் ஊதிவிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ‘ஆறுமுகம்’ என்றதும் அஞ்சலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நிக்கக்கூட மாட்டாளாமா? திமிரைப் பாரு” என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

இறந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு நன்றாகத் தெரிகிறது. மாலை வைக்கிறோம், தலை குனிகிறோம். காத்திருக்கும் ஒரு பெண்ணை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அதனால் அவரையும் வெள்ளைச் சேலைகளுக்கு நடுவே உட்கார வைத்துவிடுகிறோம். நல்லெண்ணத்தோடுதான்...

விழா முடிந்து கேக்கும் லெமனேடும் கொடுத்தார்கள். அஞ்சலை எதையும் தொடவில்லை. நேராகப் பூசாரி முன்னால் போய் நின்றார்.

“தைப்பூசத்துக்கு... வரலாமா சாமி?”

பூசாரி கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என்னம்மா கேள்வி? எப்பவும்போல தேங்காய் பழத்தோட வா.”

“இல்ல... அவர் பேரை இப்ப...”

“எந்தப் பேரை? இந்த மைக்ல ஒண்ணுமே காதுல விழல. ஒரே இரைச்சல்.”

மைக்கில் ஒரு குறையும் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட, அந்தப் பெயர்களைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.